பதில் வராத மூன்று கிழமை

போன மாதம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் பத்து வருடத்துக்கு மேல் பராமரித்த இணைப்பி மென்பொருளை இப்போது பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். மென்பொருளுக்கு வயதாகிவிட்டது, அடுத்த ஐந்து வருடத்துக்குத் திட்டம் போடுகிறோம், எதை வைத்திருப்பது எதைக் கழிப்பது என்று அந்தக் காலத்தில் எப்படி முடிவெடுத்தீர்கள், இரண்டு பக்கத்தில் எழுதித்தர முடியுமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவனை இப்படி யாராவது விசாரித்தால் மனம் கொஞ்சம் குளிரத்தான் செய்யும். குளிர்ந்த மனத்தோடு அவர்கள் இணைத்திருந்த வரைவைத் திறந்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: 'பழைய பேச்சுமுறை எவருடைய பாவனையிலும் இல்லை. அடுத்த பதிப்பில் நீக்கலாம்.'

ஏறக்குறைய அதே வரியை 2008ஆம் ஆண்டின் கடைசியில் நானும் எழுதினேன். அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். இரண்டு பக்கத்தில் அடங்காது, மன்னிக்க வேண்டும்.

இணைப்பி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு கந்தோரைக் காட்டுவது என் வழக்கம். முன்னால் கவுண்டரில் ஒருவர் இருப்பார். கோப்புகள் எல்லாம் பின் அறையில் இருக்கும். கவுண்டர்க்காரர் கதிரையை விட்டு எழும்பமாட்டார், பின் அறைக்காரர் வெளியே தலைகாட்டமாட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பியோன் ஓடித்திரிவார். சேர்வர்களுக்கு நடுவில் அப்படி ஓடித்திரிவதுதான் எங்கள் இணைப்பி. பியோனை ஒருவரும் கவனிப்பதில்லை. அவர் வராத நாளில்தான் கந்தோர் முழுவதும் அவருடைய பெயர் அடிபடும்.

என் அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வன்னியில் குளத்தடிக் காணி எடுத்து வயல் செய்தவர்கள். வயலுக்கு நான் உதவவில்லை. வரம்பில் நடந்தால் வரம்பு உடையும் என்று அப்பா சொல்லுவார். கொழும்பில் படித்தேன், ஒரு கம்பனியின் கணினிப் பிரிவில் பதினைந்து வருடம் இருந்தேன். 2002இல் சண்டை நின்று கண்டி வீதி திறந்ததும் வேலையை விட்டுவிட்டு வவுனியாவுக்கு வந்தேன். நெளுக்குளத்தில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்தேன். கொழும்பில் என்னை எல்லோரும் விசரன் என்றார்கள்.

வேலை ஒரு தொண்டு நிறுவனத்தில். இடம்பெயர்ந்த குடும்பங்களைப் பதிவு செய்வது. யார், எந்த ஊர், இப்போது எங்கே, யாரோடு, எந்தப் பிள்ளை யாரிடம் விடப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். கிளிநொச்சியிலும் ஒட்டுசுட்டானிலும் கிளைகள் இருந்தன. கிளையிலுள்ள கணினியில் பதிவார்கள். தொலைபேசி இணைப்புக் கிடைக்கும்போது அது வவுனியா சேர்வருக்கு வந்து சேரும். அதைக் கொண்டுவருகிற பியோன் எங்கள் இணைப்பி.

அந்த மென்பொருள் ஒருவருக்கும் சொந்தமில்லை. எவரும் எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதைத் திருப்பித் தரலாம். சம்பளம் கிடையாது. அதை எழுதத் தொடங்கிய வெள்ளைக்காரர் வேறு வேலைக்குப் போய்விட்டார். பிறகு வந்தவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். 2006இல் பார்த்தால் மிஞ்சியது மூன்று பேர். ஒருவர் சென்னையில், ஒருவர் நோர்வேயில், மற்றது நான். மின்னஞ்சலுக்கு உடனே பதில் போடுகிறவன் நான் என்ற ஒரே காரணத்துக்காகத் திட்டம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

எனக்கு அது பிடித்திருந்தது என்பதை ஒளிக்கப்போவதில்லை. பழையதைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும். வீட்டில் கூட மனைவி பழைய சீலைத்துணி ஒன்றை எடுத்து வைத்தால் நான் கொண்டுபோய்க் குப்பையில் போட்டுவிட்டுப் பேச்சு வாங்குவேன். மென்பொருளில் ஆயிரம் வரிகளை வெட்டி எறிந்த நாளில் இரண்டு பிடி சோறு கூடுதலாக இறங்கும். 'நாதன் கத்தி எடுத்தால் இலை மிஞ்சாது' என்று சென்னைக்காரர் பகிடி பண்ணுவார்.

வெட்டுவதற்கு எங்களிடம் ஒரு முறை இருந்தது. இப்படிப்பட்ட பொதுமென்பொருள் செய்கிறவர்கள் அநேகமாக எல்லோரிடமும் உள்ள முறைதான். ஒரு பழைய பகுதியை நீக்க வேண்டுமென்றால் மடல் குழுவில் ஒரு கேள்வி போடுவோம்: 'இதை யாராவது இன்னும் பாவிக்கிறீர்களா? மூன்று கிழமைக்குள் (இருபத்தொரு நாள்) சொல்லுங்கள்.' எவரும் சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நீக்கிவிடுவோம். மௌனம் சம்மதம் என்பார்களே, அதைத்தான் நாங்கள் சட்டமாக வைத்திருந்தோம். சம்பளமில்லாத மூன்று பேர் ஊரெல்லாம் போய் வீடு வீடாகக் கேட்க முடியுமா? நல்ல முறைதான். இன்றைக்கும் அதை முழுப்பிழை என்று நான் சொல்லமாட்டேன்.

எங்கள் கந்தோருக்குப் பொறுப்பாக இருந்தவர் நளீம் சேர். முல்லைத்தீவுக்காரர். தொண்ணூறாம் ஆண்டு அங்கிருந்த முஸ்லிம் சனங்களோடு சனமாக வெளியேற்றப்பட்டு, பன்னிரண்டு வருடம் புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் இருந்துவிட்டு, சமாதானம் வந்ததும் வவுனியாவுக்குத் திரும்பியவர். கணினியில் அவருக்கு மின்னஞ்சல் வாசிக்கத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் நான் எழுதுகிற எந்தத் திட்டமும் அவர் கையைத் தாண்டாமல் வெளியே போகாது.

அவர் வாசிக்கும் விதம் எனக்கு எரிச்சலூட்டும். அச்சடித்துக் கொடுக்கவேண்டும். பிளேன்ரீயை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு, விரலை வரிக்குக் கீழே வைத்து, சத்தமாக வாசிப்பார். ஒவ்வொரு வசனம் முடியவும் நிமிர்ந்து பார்த்து ஒரே கேள்வியைக் கேட்பார்.

"நாதன், இது தெரியுமோ, நினைப்போ?"

தெரியும் என்றால் பென்சிலால் ஓரத்தில் 'தெ' என்று போடுவார். நினைக்கிறேன் என்றால் 'நி'. அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டார். வாசித்து முடிந்ததும் தாளைத் திருப்பித் தருவார். சில தாள்களில் ஓரம் முழுக்க 'நி' ஆகவே இருக்கும். பாடசாலைப் பிள்ளை பிழை விட்ட கொப்பியோடு போவதுபோல என் மேசைக்குத் திரும்பிப் போவேன்.

கிளிநொச்சிக் கிளையில் பதிவு செய்தவர் கோமதி. பூநகரிப் பிள்ளை. வேலைக்கு வரும்போது இருபத்தாறு வயதிருக்கும். எழுத்துச் சுத்தம், கணக்குச் சுத்தம், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். புருசன் குகன் மின்சார வேலைக்காரன். கிளைக்கு மின்சாரம் தரும் எஞ்சினை இயக்குவதும் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுவதும் அவன்தான். கணினியை அமைத்துக்கொடுக்க நான் போயிருந்தபோது, நான் தட்டிய கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

"நாதன் அண்ணை, இது பழுதானால் உங்களைக் கூப்பிடவேணுமோ, நானே திருத்தலாமோ?"

"கொப்பியைப் பார்த்து நீரே திருத்தலாம்."

"அப்ப நீங்கள் இனி வரத் தேவையில்லை. இவருக்கு உங்களுக்குச் சமைக்கிற வேலை மிச்சம்."

குகன் எஞ்சினைத் துடைத்தபடி சிரித்தான். அவள் சொன்னதுபோலவே மூன்று வருடம் நான் அங்கே போகவேண்டி வரவில்லை. வவுனியாவுக்கு வந்த பதிவுகளில் மிகவும் ஒழுங்கானவை அவளுடையவை. ஒரு குடும்பத்தில் பிள்ளை வேறு வீட்டில் இருந்தால் எந்த வீடு, அந்த வீட்டுக்காரருக்குப் பிள்ளை என்ன முறை என்பதையும் எழுதியிருப்பாள்.

2006 நடுப்பகுதியில் சண்டை திரும்பத் தொடங்கி, கண்டி வீதி பூட்டப்பட்டது. தொலைபேசியும் வரப் போக இருந்தது. அந்த நேரத்தில் இணைப்பியின் இரண்டாம் வரிசை, அதாவது புதிதாக எழுதிய பதிப்பு, தயாராகிவிட்டது. பழைய வரிசையும் புதிய வரிசையும் வேறு வேறு பேச்சுமுறையில் பேசும். சேர்வர் இரண்டையும் விளங்கிக்கொள்ளும்படி வைத்திருந்தோம். பியோனுக்கு இரண்டு பாஷை தெரிந்ததுபோல. ஆனால் ஒவ்வொரு திருத்தத்தையும் இரண்டு தரம் சோதிக்க வேண்டியிருந்தது. இதற்கிடையில் பழைய பேச்சுமுறையில் ஒரு ஓட்டை இருக்கிறது, வேறு யாரோ ஒரு கிளை மாதிரி நடித்து உள்ளே வரலாம் என்று நோர்வேக்காரர் கண்டுபிடித்தார். அது உண்மை. ஆகவே பழையதைக் கழிக்க எனக்கு நியாயமும் இருந்தது, ஆசையும் இருந்தது.

2008 நடுவில் புதிய வரிசையை ஒரு சீடியில் போட்டு, அரிசி கொண்டுபோன லொறித் தொடரில் கோமதிக்கு அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததாகச் செய்தி இல்லை. சேராததாகவும் இல்லை. செப்டெம்பரில் வெளிநாட்டு நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. எங்கள் கிளையும் கடதாசியில் மூடப்பட்டது; ஒட்டுசுட்டான் கணினி அதற்கு முன்பே பழுதாகிக் கழிக்கப்பட்டிருந்தது. கோமதியும் குகனும் ஊர்ச்சனம், அவர்கள் எங்கே வெளியேறுவது? சனத்தோடு கிழக்கே நகர்ந்தார்கள். ஒக்டோபரில் அவளிடமிருந்து இரண்டு வரி வந்தது: 'மெஷின் எங்களோட இருக்கு. பதியிறன். லைன் கிடைக்கேக்க அனுப்புவன்.'

அதற்கு அடுத்த மாதம் நான் மடல் குழுவில் கேள்வியைப் போட்டேன். பழைய பேச்சுமுறையை யாராவது பாவிக்கிறீர்களா? கோமதிக்கும் தனியாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று கிழமை. எவரும் பதில் போடவில்லை. திட்டத்தில் எழுதினேன்: 'பழைய பேச்சுமுறை எவருடைய பாவனையிலும் இல்லை. நீக்கப்படும்.'

நளீம் சேர் அந்த வரியில் விரலை வைத்து நிமிர்ந்து பார்த்தார்.

"இது தெரியுமோ, நினைப்போ?"

"கேட்டனாங்கள் சேர். ஒருத்தரும் பதில் போடேல்லை."

"கோமதியிட்டக் கேட்டீங்களோ?"

"அவவுக்குத் தனியா அனுப்பினனான். பதில் இல்லை. சீடியும் அனுப்பினனான், இப்ப புதுசுக்கு மாறியிருப்பா."

"பதில் வரேல்லை எண்டால் பதில் வரேல்லை எண்டு எழுதுங்கோ. ஆளில்லை எண்டு எழுதாதீங்கோ." பென்சிலை எடுத்து ஓரத்தில் 'நி' என்று போட்டார். பிறகு, வழக்கத்துக்கு மாறாகத் தொடர்ந்து பேசினார். "தொண்ணூறில நாங்கள் புத்தளத்தில கிடக்கேக்க ஒரு கந்தோர் எங்கட பழைய விலாசத்துக்குக் கடிதம் போட்டிருக்கு. ஆரும் பதில் போடேல்லையாம். பேரை வெட்டிப்போட்டாங்கள். பூட்டின வீட்டுக்குள்ள கிடந்த கடிதத்துக்கு ஆர் பதில் போடுறது?"

எனக்கு உள்ளுக்குள் கோபம். கணினி தெரியாத மனிதர் எனக்குப் பாடம் எடுக்கிறார் என்று. "சேர், அந்த ஓட்டையாலை வேறை ஆரும் உள்ளுக்கு வந்தால் எல்லாற்றை பேரும் போயிடும்" என்றேன்.

"சரி. வெட்டாமல் மூடி வையுங்கோ. தேவையெண்டால் திறக்கிற மாதிரி. அதுகும் ஏலாதெண்டால், வாறவைக்கு ஒரு வசனமாவது சொல்லி அனுப்புங்கோ, இது மூடியாச்சு, உங்களிலை பிழையில்லை எண்டு."

ஏலும். இரண்டும் ஏலும். மூடிவைப்பதற்கு ஒரு நாள் வேலை, வசனத்துக்கு அரை மணித்தியாலம். ஆனால் மூடி வைத்த பழசு என்பது குப்பையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுவது என்பது என் கொள்கை. ஒருவரும் வராத வாசலுக்கு அறிவித்தல் பலகை எதற்கு என்றும் கேட்டேன். அவர் பிளேன்ரீயை எடுத்துக் குடித்தார், ஆறிப்போயிருந்தது. முடிவெடுப்பது தொழில்தெரிந்த ஆளின் பொறுப்பு என்று விட்டுவிடுகிற மனிதர் அவர். அந்த நல்ல குணத்தில்தான் நான் ஏறி நடந்தேன்.

பென்சில் குறி தாளில் மட்டும்தான் இருந்தது. கணினியில் இருந்த திட்டத்தில் இல்லை. அதுதான் உலகத்துக்குப் போனது. 2009 ஜனவரியில் வவுனியா சேர்வரில் புதிய பதிப்பை ஏற்றினேன். ஏறத்தாழ நான்காயிரம் வரிகள் குறைந்திருந்தன. சென்னைக்காரர் வாழ்த்து அனுப்பினார்.

மார்ச் மாதம். சண்டைக்குள் காயப்பட்ட சனங்களைக் கப்பலில் ஏற்றி வெளியே கொண்டுவந்து, அதில் கொஞ்சப் பேரை வவுனியாவுக்கு மாற்றியிருந்தார்கள். அவர்களில் ஒரு தாய், பெயர் புஸ்பம், பூநகரிப் பக்கம், காலில் கட்டோடு எங்கள் கவுண்டருக்கு வந்தார். கப்பலில் ஏற்றும்போது கூட வந்த மகளை ஏற்றவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை. பெயர் தர்சினி. பக்கத்துத் தறப்பாளில் இருந்த யாரோ ஒரு குடும்பத்திடம் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். அரை மயக்கத்தில் இருந்ததால் அவர்களுடைய பெயர் மனதில் நிற்கவில்லை.

"ஆனால் எழுதியிருக்கு தம்பி. கோமதியெண்டு ஒரு பிள்ளை வந்து எழுதினவா. கொம்பியூட்டரிலை அடிச்சவா. அவையின்ரை பேர், ஊர் எல்லாம் கேட்டு அடிச்சவா. அம்மா, இது நேரை வவுனியாவுக்குப் போகும், அங்கை போய்க் கேளுங்கோ எண்டு சொன்னவா."

தேடினேன். தர்சினி என்ற பெயரில் பழைய பதிவுகள் இருந்தன, எதுவும் இது இல்லை. அதைவிட, கோமதியிடமிருந்து அந்த வருடத்துக்கு ஒரு பதிவுகூட இல்லை. புஸ்பத்தை வாங்கில் உட்காரச் சொல்லிவிட்டு லொக்கைத் திறந்தேன். சேர்வர் தன்பாட்டில் எழுதிவைக்கும் நாட்குறிப்பு அது. யார் எப்போது வந்தார்கள், என்ன நடந்தது என்று வரி வரியாக இருக்கும். பழுது வந்தாலொழிய யாரும் வாசிப்பதில்லை. நானும் ஜனவரிக்குப் பிறகு வாசிக்கவில்லை.

பெப்ரவரியில் பதினாறு வரிகள் இருந்தன. பதினாறும் ஒரே மாதிரி. திகதி, நேரம், பிறகு: 'தெரியாத பேச்சுமுறை. மறுக்கப்பட்டது.' முதலில் இரண்டு நாளுக்கு ஒருக்கால். பிறகு ஒரு நாளில் இரண்டு. கடைசி இரண்டு நாளில் மட்டும் ஒன்பது தரம். அதோடு சரி.

பழைய பேச்சுமுறையில் எங்கள் சேர்வரைத் தட்டக்கூடிய கணினி இந்த உலகத்தில் அப்போது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

கையும் காலும் ஓடவில்லை என்று சொல்வார்கள். எனக்கு அப்படியல்ல, கை ஓடியது. பழைய பதிப்பைத் தேடி எடுத்து, சேர்வரை நிறுத்தி, அரை மணித்தியாலத்தில் திரும்ப ஏற்றினேன். வாசல் திறந்துவிட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். பிறகு எழும்பிப் போய் நளீம் சேருக்கு அந்தப் பதினாறு வரிகளையும் அச்சடித்துக் கொடுத்தேன். அவர் விரல் வைத்து வாசித்தார். சத்தமாக வாசிக்கவில்லை. ஒவ்வொரு வரியாகப் பதினாறாம் வரி வரைக்கும் போய், தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அந்த அம்மாவுக்கு என்ன சொன்னீங்கள்?"

"இன்னும் ஒண்டும் சொல்லேல்லை, சேர்."

"போய் தெரிஞ்சதைச் சொல்லுங்கோ."

போனேன். பதிவு இங்கே வந்து சேரவில்லை என்று சொன்னேன். ஏன் சேரவில்லை என்று சொல்லவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பிறகு வருமோ தம்பி?" என்று கேட்டார். வரும் என்றேன். அதுவும் நினைப்புத்தான்.

மார்ச் முழுவதும், ஏப்ரல் முழுவதும் ஒவ்வொரு காலையும் கந்தோருக்கு வந்ததும் லொக்கைத்தான் முதலில் பார்ப்பேன். ஒருவரும் தட்டவில்லை. புஸ்பம் கிழமைக்கு ஒருநாள் வந்து கேட்டுப் போவார். மே மாதத்துக்குப் பிறகு வருவது நின்றுவிட்டது. மகள் கிடைத்துத்தான் வராமல் விட்டார் என்று நம்ப எனக்கு ஆசை. எனக்குத் தெரியாது. அவரிடமிருந்து செய்தி இல்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஆகவே, எனக்கு எழுதிய பிள்ளைகளே, உங்கள் திட்டத்தில் அந்த மூன்றாம் பக்கத்து வரியை 'கேட்டோம், பதில் வரவில்லை' என்று மாற்றுங்கள். நீக்குவதென்றால் நீக்குங்கள். மென்பொருளுக்கும் வயதாகும், எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நடக்க முடியாது. ஆனால் நீக்குமுன் லொக்கை வாசியுங்கள், நீக்கிய பின்னும் வாசியுங்கள். கதவைச் சாத்தினால் வெளியே நிற்பவருக்கு ஏன் சாத்தினோம் என்று ஒரு வசனம் எழுதி வையுங்கள். அந்த வசனம் எதற்கு என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். இதுவரை ஒருவருக்கும் சொல்லாததை அதற்காகச் சொல்கிறேன்.

சண்டை முடிந்தபின் சனங்களைச் செட்டிகுளப் பக்கத்து முகாம்களில் வைத்திருந்தார்கள். உறவினர் போய்ப் பார்க்கலாம். முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். நான் கிழமைதோறும் போய் கோமதியின் பெயரைச் சொல்லி விசாரித்தேன். ஜூலையில் ஒருநாள் பத்து மணியளவில் அவள் கம்பிக்கு வந்தாள். பாதியாகிப் போயிருந்தாள். பின்னால் அவளுடைய மாமியார், குகனின் தாய், ஒரு வெறும் தண்ணீர்க் கானின் மேல் குந்தியிருந்தார். குகன் இல்லை. நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள்.

"இவர் இல்லை, அண்ணை."

நான் கொண்டுபோன பிஸ்கற் பெட்டியைக் கம்பிக்கு மேலால் கொடுத்தேன். வாங்கி நிலத்தில் வைத்தாள். எப்படியாவது புஸ்பத்தின் பிள்ளையைப் பற்றிக் கேட்கவேண்டுமென்று போயிருந்தேன், கேட்டேன். தர்சினி, ஒன்பது வயது, பூநகரி, தாய்க்குக் காலில் காயம். அவள் கண்ணை மூடி யோசித்தாள். உதடு பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"தர்சினியெண்டு மூண்டு பிள்ளையள் எழுதினனான், அண்ணை. ஒண்டை ஒரு ரீச்சரோட விட்டது. ஒண்டு மீன்கார ஆக்களோட. எது ஆரெண்டு…" நிறுத்திவிட்டாள். "எல்லாம் அதுக்குள்ளதான் இருந்தது. அனுப்பியிருந்தால் இப்ப உங்களிட்ட இருந்திருக்கும். என்னாலை அனுப்ப முடியேல்லை."

"கோமதி…"

"கேளுங்கோ அண்ணை. ஒரு இடத்திலை செய்மதி லைன் கிடைச்சது. லைன் நல்லா வருது, உங்கட சேர்வர் மட்டும் எடுக்குதில்லை. ஏனெண்டும் சொல்லுதில்லை. மெயிலும் அதாலைதானே வாறது, உங்களைக் கேக்கவும் வழியில்லை. நான்தான் ஏதோ மாத்திப்போட்டன் எண்டு கொப்பியைப் பாத்துப் பாத்து முழுக்கத் திரும்பச் செய்தன். அண்டைக்கு அந்த இடத்திலையிருந்து சனமெல்லாம் வெளிக்கிட்டுது. இவரும் வெளிக்கிடுவம் எண்டவர். நான்தான் ஒரு நாள் பொறுங்கோ, பிழையைக் கண்டுபிடிச்சு அனுப்பிப்போட்டு வாறன் எண்டனான். அடுத்த நாளும் எடுக்கேல்லை. எஞ்சினுக்கு எண்ணெய் முடிஞ்சு போச்சு. எண்ணெய் பாத்துக்கொண்டு வாறன் எண்டு போனவர். றோட்டிலை ஷெல் விழுந்தது." சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "என்ன பிழை விட்டனான் எண்டு இண்டைக்கும் தெரியேல்லை, அண்ணை. ஒவ்வொரு நாளும் மனசுக்குள்ள அந்தக் கட்டளையளைத்தான் சொல்லிப் பாக்கிறன். எங்கை பிழைச்சதெண்டு பிடிபடுகுதில்லை."

கடைசி இரண்டு நாளில் ஒன்பது தரம். அந்த வரிகள் எனக்கு மனப்பாடம். அவள் எந்த இரண்டு நாளைச் சொல்கிறாள் என்று எனக்கு அவளைவிட நன்றாகத் தெரியும்.

சொல்லாமல் வந்திருக்கலாம். வரும் வழியெல்லாம் சொல்லத் தேவையில்லை என்றுதான் என்னை நானே தேற்றிக்கொண்டு வந்தேன். ஆனால் அவள் தினமும் தன் பிழையைத் தேடிக்கொண்டிருக்கிறாள் என்று கேட்டபின் வாயை மூடிக்கொண்டு திரும்ப என்னால் முடியவில்லை. சொன்னேன். நீர் ஒரு பிழையும் விடவில்லை, எல்லாம் சரியாகத்தான் செய்தீர், உங்களுடைய பழைய வரிசையை இங்கே சேர்வரில் ஜனவரியிலேயே நீக்கிவிட்டோம், எத்தனை தரம் தட்டியிருந்தாலும் எடுத்திராது என்றேன். நீக்கிவிட்டோம் என்றுதான் வாயில் வந்தது. நீக்கினேன் என்று வரவில்லை.

அவள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஏசுவாள் என்று நின்றேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப நான் சரியாத்தான் செய்தனான், என்ன?"

"ஓம்."

"கொப்பியிலை இருந்த மாதிரியே செய்தனான்."

"ஓம் கோமதி. சரியாத்தான் செய்தனீர்."

அவள் அழத் தொடங்கினாள். அது நிம்மதியில் வருகிற அழுகை. திரும்பி மாமியாரைப் பார்த்துச் சொன்னாள்.

"மாமி, என்ரை பிழை இல்லையாம். அண்ணை சொல்லுறார். என்ரை பிழை இல்லையாம்."

அந்த மனுசி தலை நிமிரவில்லை. நிலத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்ப ஆரின்ரை பிழையாம்?"

கோமதி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கு அந்தக் கேள்வி அதுவரை தோன்றவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"என்ரை பிழை, அம்மா" என்றேன்.

நேரம் முடிந்துவிட்டதென்று காவலுக்கு நின்றவர் எங்களை விலகச் சொன்னார்.